எரர் காயினா, அடிபட்ட காசா? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

சில்லறையில் விநோதமாக ஒரு காசு கிடைத்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "எவ்வளவு போகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்தக் குறை நாணயச்சாலைக்குள் நடந்ததா, வெளியே வந்த பிறகு நடந்ததா? உள்ளே நடந்திருந்தால் அது எரர் காயின். வெளியே நடந்திருந்தால் பழுதான காசு, முகமதிப்புக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. என்னிடம் பார்த்துச் சொல்லும்படி தருகிறவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம். அவற்றில் பலவும் தானாக அடிபட்டவை அல்ல. யாரோ பட்டறையில் வைத்து வேண்டுமென்றே செய்து விற்றவை. சேர்த்து வைத்த பாக்கெட் மணியைக் கொடுத்து ஏமாந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாச் சோதனைக்கும் அடிப்படை ஒன்றே. காசின் இரண்டு பக்கமும் ஒரே அடியில் அச்சாகின்றன. அதனால் உள்ளே நடந்த பிழை பெரும்பாலும் மறுபக்கத்திலோ ஓரத்திலோ ஒரு தடயம் விடும். வெளியே பட்ட அடி, பட்ட இடத்தோடு நின்றுவிடும். அல்லது மறுபக்கத்தை நசுக்கியிருக்கும். ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் வைத்து யார் விலை சொன்னாலும் நம்பாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் (சின்னப் பூதக்கண்ணாடி), 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம். இவற்றைவிட முக்கியம், ஒப்பிட்டுப் பார்க்க அதே வகையில், அதே ஆண்டை ஒட்டிய நல்ல காசு ஒன்று.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1992-இல் தொடங்கிய எஃகு 1 ரூபாய் 25 மி.மீ. விட்டம், 4.85 கிராம். 2011 வரிசையில் 1 ரூபாய் 22 மி.மீ., 3.79 கிராம், 2 ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம், 5 ரூபாய் 23 மி.மீ., 6 கிராம். 10 ரூபாய் 27 மி.மீ., 7.71 கிராம். 2019 வரிசையில் 1 ரூபாய் 20 மி.மீ., 3.09 கிராம், 2 ரூபாய் 23 மி.மீ., 4.07 கிராம், 5 ரூபாய் 25 மி.மீ., 6.74 கிராம். பழைய கனமான குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) 5 ரூபாய் 23 மி.மீ., 9 கிராம். அதே உலோகத்தில் பதினோரு பக்கம் கொண்ட 2 ரூபாய் 26 மி.மீ., 6 கிராம். எடையில் சிறு ஏற்ற இறக்கம் இயல்பு.

காசைக் கழுவ வேண்டாம். புளி, விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். உண்மையான எரர் காயினாகவே இருந்தாலும் தேய்த்த பிறகு பாதி மதிப்பு போய்விடும். தடயங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

## அறிகுறி 1: விளிம்பில் ஒரு துண்டு இல்லை

முதலில் சந்தேகிக்க வேண்டியது அரமும் கட்டரும். அடுத்து இயந்திரத்தில் சிக்கிக் கடிபட்ட காசு. கடைசியாகத்தான் உண்மையான கிளிப். உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை (படம் பதிக்காத வெறும் வட்டத் துண்டுகளை) வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் பிறை வடிவத்தில் ஒரு பகுதி இல்லாத வில்லை கிடைக்கும். அது அப்படியே அச்சுக்குப் போனால் கிளிப் எரர்.

வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். அச்சடிக்கும் முன் வில்லையை உருட்டி விளிம்பை மேடாக்குவார்கள். ஒரு பக்கம் துண்டு இல்லாதபோது எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் சரியாக விழாது. அங்கே விளிம்பு மெலிந்தோ, மங்கியோ, இல்லாமலோ இருக்கும். இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். அரத்தால் ராவியவர் எதிர்ப் பக்கத்தைத் தொட்டிருக்கமாட்டார். அங்கே விளிம்பு முழு உயரத்தில் கம்பீரமாக நிற்கும். சின்னக் கிளிப்பில் இந்த மங்கல் தெரியாமல் போவதும் உண்டு. அதனால் இது இல்லை என்பதை வைத்து மட்டும் காசை ஒதுக்காதீர்கள்.

வெட்டை ஒட்டிய எழுத்துகளைப் பாருங்கள். உண்மையான கிளிப்பில் வெட்டு முதலில், அச்சு பிறகு. அச்சு அழுத்தும்போது உலோகம் வெற்றிடத்தை நோக்கி நகர்வதால் அங்கே எழுத்துகள் இழுபட்டு, அகன்று, மெல்ல மங்கி முடியும். வெளியே வெட்டிய காசில் எழுத்து பாதியில் கத்திபோல் அறுபட்டிருக்கும்.

வெட்டுமுகத்தை லூப்பில் பாருங்கள். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள், மற்ற ஓரத்தைவிடப் புதுப் பளபளப்பு, விரல் வைத்தால் உறுத்தும் பிசிறு: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அரம் அல்லது கிரைண்டர் வேலை.

எடை இங்கே உதவாது. இரண்டு வகையிலும் குறைவாகத்தான் இருக்கும். "தராசில் போட்டேன், எடை குறைகிறது, ஆகவே ஒரிஜினல்" என்று விற்பவர் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

*எப்போது வல்லுநர்?* எதிர் விளிம்பு மங்கல், இழுபட்ட எழுத்து இரண்டும் இருந்து, வெட்டு பெரிதாகவும் இருந்தால். சின்னக் கிளிப்புக்குச் சான்றிதழ் வாங்குவது காசைவிடச் செலவு.

## அறிகுறி 2: படம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது, அல்லது காசு பெரிதாகிவிட்டது

வில்லை சரியான இடத்தில் உட்காராமல் அடி விழுந்தால் படம் நகர்ந்து, எஞ்சிய பகுதி பிறைபோல் வெறுமையாக நிற்கும். அடிக்கும்போது வில்லையைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையம் இல்லாமல் அடி விழுந்தால் படம் நடுவில் இருக்கும். ஆனால் காசு அகலமாகப் பரந்துவிடும்.

நகர்ந்த படத்துக்கு இரண்டே சோதனை போதும். ஒன்று, மறுபக்கமும் அதே இடத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு, எடை முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் உலோகம் எங்கும் போகவில்லை. 25 மி.மீ. 1 ரூபாயில் கால் பங்கு வெறுமை, ஆனால் எடை 4.2 கிராம் என்றால் அந்த வெறுமை ராவி எடுத்தது.

அகன்ற காசில் கவனம் கூடுதலாக வேண்டும். சுத்தியலால் தட்டினாலும் காசு அகலும், எடை மாறாது. தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறிய காசை நம் ஊரில் எத்தனையோ பேர் சின்ன வயதில் செய்திருப்போம். அதையும் எரர் என்று விற்கிறார்கள். வித்தியாசம் படத்தில் இருக்கிறது. வளையமின்றி அடிபட்ட உண்மையான காசில் சிங்கத்தின் பிடரி மயிர்வரை கூர்மையாக இருக்கும். ஓரத்து எழுத்துகள் மட்டும் வெளிநோக்கி இழுபட்டிருக்கும். தட்டி அகலமாக்கிய காசில் படமும் சேர்ந்து பரந்து, மேடான இடங்கள் வழுவழுவென்று தட்டையாகி இருக்கும். நீள்வட்டமாக நீண்டிருந்தால் ரயில் சக்கரமோ ரோலரோதான், யோசிக்கவே வேண்டாம்.

## அறிகுறி 3: கண்ணாடி பிம்பம்போல் இடவலம் மாறி, குழிந்த படம்

அதிகம் போலி வருவது இதில்தான், அதிகப் பணம் போவதும் இதில்தான்.

உண்மையில் நடப்பது இது. அடித்த காசு ஒன்று மேலச்சில் (மேலிருந்து அடிக்கும் அச்சில்) ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வரும்போது அந்தக் காசே அச்சாகிவிடுகிறது. ஆகவே இரண்டாவது காசில் ஒரு பக்கம் வழக்கமான படம் மேடாகவும், மறுபக்கம் அதே படம் இடவலம் மாறிக் குழியாகவும் இருக்கும். ஒரு பக்கம் மேடான சிங்கம் என்றால் மறுபக்கம் குழிந்த சிங்கம். இதுதான் புரோக்கேஜ்.

போலி செய்வது சுலபம். இரண்டு நல்ல காசை முகத்தோடு முகம் வைத்துப் பட்டறை வைஸில் (இரும்புத் தாடைகளுக்கு நடுவே இறுக்கும் கருவியில்) இறுக்கினால், அல்லது அடித்தால், ஒன்றின் படம் மற்றதில் குழியாகப் பதியும். மென்மையான அலுமினிய 10 பைசா, 20 பைசாவில் இது இன்னும் எளிது.

பிரித்தறிய இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், குழிந்த படம் இருக்கும் பக்கத்தில் அந்தப் பக்கத்துக்கே உரிய மேடான படமும் சேர்ந்து தெரிகிறதா? தெரிந்தால் அது முன்பே முழுதாக அச்சான காசு. பிறகு யாரோ அழுத்தியிருக்கிறார்கள். முழு புரோக்கேஜில் அடியில் வேறு படம் இருக்க வாய்ப்பில்லை. காசின் ஒரு பகுதியில் மட்டும் நடந்த புரோக்கேஜிலும் இரட்டை அடியிலும் (ஒரே காசு இரண்டு முறை அடிபட்டது) கலவை வரும். ஆனால் அங்கே எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகப் பிரிந்திருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகக் குழைந்திருந்தால் வைஸ் வேலை.

அடுத்து, எந்தப் படம் குழிந்திருக்கிறது? ஒரு பக்கம் மேடான சிங்கம், மறுபக்கம் மதிப்பெண் (காசின் மதிப்பைக் காட்டும் எண்) குழிந்து இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பிறகு, மேடான பக்கத்தின் உச்சிகள். வைஸின் தாடை பட்ட பக்கம் விளிம்பும் சிங்கத்தின் முகமும் பளபளவென்று தட்டையாகியிருக்கும். சிலர் தோலோ மரமோ வைத்து இறுக்குவார்கள். அப்போதும் விளிம்பின் உயரத்தை நல்ல காசோடு ஒப்பிட்டால் குறைந்திருப்பது தெரியும்.

கடைசியாகக் குழியின் ஆழம். நாணயச்சாலை அச்சுப்பொறியின் அழுத்தத்தைப் பட்டறை வைஸால் தர முடியாது. காசு ஒட்டியதும் முதலில் வரும் புரோக்கேஜில் குழிந்த ஆண்டெண் கூர்மையாக, வாசிக்கும்படி இருக்கும். வைஸில் செய்ததில் மேடான பகுதிகள் மட்டும் ஆங்காங்கே பதிந்திருக்கும். ஒட்டிய காசு அடுத்தடுத்து அடிபட்டுத் தேயும்போது பிறகு வரும் புரோக்கேஜ்களில் படம் பெரிதாகி மங்கும் என்பதும் உண்மை. மங்கலாக இருப்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

*எப்போது வல்லுநர்?* நான்கும் தேறினால் உடனே. தேறாத காசுக்குச் செலவு செய்யாதீர்கள். தேறிய காசைத் தனியாகக் கண்ணால் பார்த்து விலை பேசாதீர்கள்.

## அறிகுறி 4: எழுத்தோ, ஆண்டோ, ஒரு பக்கம் முழுவதுமோ இல்லை

ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலைக் குறி இல்லை. இது குறையே அல்ல. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. "மின்ட் மார்க் மிஸ்ஸிங்" என்று விற்கப்படுவது கொல்கத்தா காசுதான்.

ஓரிரு எழுத்து மங்கல். தேய்மானம் என்றால் அருகில் உள்ளவையும், காசின் மிக உயரமான பகுதிகளும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால் அந்த எழுத்து மட்டும் மெல்லக் கரைந்தாற்போல் இருக்கும். பக்கத்து எழுத்து கூர்மையாக நிற்கும். தரை மட்டம் மாறாது, கீறல் இராது. சுரண்டியதில் அந்த இடம் லேசாகப் பள்ளமாக, கோடு கோடாக, வேறு பளபளப்பில் இருக்கும். காசைச் சாய்த்து வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றினால் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். அடைபட்ட அச்சுக் காசு உண்மையான எரர்தான், ஆனால் சகஜம். பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு பக்கம் முழுவதும் வெறுமை. நேரே தராசு. இரண்டு வில்லை ஒன்றாக உட்கார்ந்து அடிபட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமையாக வரும், எடை குறையாது. கிரைண்டரில் தேய்த்ததில் எடையும் தடிமனும் குறையும். வாஷருக்குப் பதிலாக எஃகுக் காசைப் போட்டு முடுக்கிய இடத்திலிருந்து வரும் காசுகளும் இப்படி வழுக்கையாக இருக்கும். அவற்றில் வட்டவட்டமாக உரசல் தெரியும்.

## அறிகுறி 5: எழுத்து இரட்டையாகத் தெரிகிறது

பெரும்பாலும் இது அடித்த கணத்தில் அச்சு அதிர்ந்ததால் வருவது. இரண்டாவது கோடு தட்டையாக, படிபோல், எழுத்தின் உடம்பிலிருந்தே செதுக்கியதுபோல் இருக்கும். அசல் எழுத்து மெலிந்திருக்கும். நம் எஃகுக் காசுகளில் ஏராளம், மதிப்பில்லை.

அச்சிலேயே இரட்டித்திருந்தால் இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில், உருண்டையாக, முனைகளில் பிளவுபட்டு நிற்கும். அதே அச்சில் வந்த வேறு காசுகளிலும் அச்சு அசலாக அதே இரட்டிப்பு இருக்கும். அப்படி இன்னொன்று கிடைத்தால் உங்கள் வாதம் பலமாகிறது.

இரண்டு அடி வாங்கிய காசில் மறுபக்கமும் கலைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இரண்டாவது படம் என்றால் மறுபடியும் வைஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: கூடுதல் கோடு, மேடு, குழி

மேடாக இருந்தால் அச்சின் பக்கம் போங்கள், குழியாக இருந்தால் முதலில் அடியைச் சந்தேகியுங்கள். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் புகுந்து காசில் மேடான கோடாக நிற்கும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் விளிம்போடு ஒட்டிய மேடு வரும். அதற்கு நேர் பின்னால் மறுபக்கப் படம் மங்கியிருக்கும். வெல்டிங் பொறியோ ஈயப் பற்றோ விழுந்த காசில் அந்த மேடு மேலே உட்கார்ந்திருக்கும், அடியில் இடுக்கு தெரியும், மறுபக்கம் நன்றாக இருக்கும்.

குழிந்த கோட்டில் இருபுறக் கரையையும் பாருங்கள். கீறல் என்றால் ஒதுக்கப்பட்ட உலோகம் கரையில் வரப்பாக நிற்கும். அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூலோ கம்பியோ சிக்கியிருந்தால் கரை மழுங்கலாக, அடி வழவழப்பாக இருக்கும்.

தகடு உரிந்ததுபோல் இருந்தால், குறிப்பாகக் குப்ரோநிக்கலில், உரிந்த இடத்தின் அடியில் ஒரே திசையில் நார்போன்ற வரிகள் ஓடும். அது உலோகக் கோளாறு. வரி இல்லாமல் ஒரு பக்கம் உலோகம் குவிந்திருந்தால் நோண்டியது.

## அறிகுறி 7: 10 ரூபாயின் நடுப்பகுதி சரியில்லை

இங்கே ஒரு விஷயம் தெரிந்தால் பாதிப் போலிகள் விழுந்துவிடும்: வளையத்தையும் நடு வில்லையையும் முதலில் பொருத்திவிட்டு, பிறகு ஒரே அடியில் படம் பதிக்கிறார்கள்.

ஆகவே நடுப்பகுதி தலைகீழாக, அதாவது சிங்கம் இருக்க வேண்டிய பக்கத்தில் மதிப்பெண், இருந்தால் அது நாணயச்சாலையில் நடக்கவே முடியாது. தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நடுப்பகுதி சாய்ந்து, வளையத்துப் படத்தோடு கோடு சேராமல் நின்றாலும் அப்படியே. இணைப்பு வட்டத்தில் பசை, உரசல், மெல்லிய இடைவெளி தேடுங்கள், கிடைக்கும்.

நடுப்பகுதியே இல்லாத வளையம் என்றால் உள்சுவரைப் பாருங்கள். தட்டிக் கழற்றியதில் நடு வில்லை பிடித்திருந்த தடம் இருக்கும், ஓர் ஓரம் தட்டிய திசைக்கு மடங்கியிருக்கும். நடு வில்லை இல்லாமலே அடிபட்ட வளையத்தில் உலோகம் உள்நோக்கி நகர்ந்திருக்கும். ஓட்டை கொஞ்சம் சுருங்கி, ஒழுங்கற்று இருக்கும். பிடிமானத் தடம் இராது.

நடு வில்லை ஒரு பக்கம் நகர்ந்து வளையத்தின் மேல் ஏறி, அதன் மேல் படம் தடையின்றி ஓடினால் அது நல்ல அறிகுறி. வல்லுநரிடம் போகலாம்.

இன்னொன்று: படத்தில் உள்ள கதிர்க் கோடுகள் பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்பது எரரும் அல்ல, கள்ளக்காசும் அல்ல. 10 ரூபாயில் 14 வடிவங்கள் வெளியிட்டிருப்பதாகவும் எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. தமிழ்நாட்டில் கடைகளிலும் பேருந்துகளிலும் இதை வாங்க மறுத்ததை நாமே பார்த்தோம்.

## அறிகுறி 8: தலைக்கும் பூவுக்கும் கோணம் மாறியிருக்கிறது, அல்லது இரண்டு பக்கமும் தலை

சிங்கத்தை நேராக வைத்துப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக வர வேண்டும். லேசான சாய்வு சகஜம். 90, 180 பாகை திரும்பியதைத்தான் தேடுகிறார்கள். வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளக்கூடிய எரர் இது. இரண்டு பாதியை ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தையும் விளிம்பின் உள்வட்டத்தையும் லூப்பில் ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

இரண்டு பக்கமும் தலை என்றால் முதலில் மேஜிக் காசு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்துவார்கள். இணைப்பு விளிம்பின் உள்வட்டத்தில் ஒளிந்திருக்கும். கல்தரையில் மெதுவாகப் போட்டால் நல்ல காசின் கணீர் ஓசை வராது.

## அறிகுறி 9: நிறமோ எடையோ வேறு

போகித் தீ, கற்பூரத் தட்டு, எரிந்த குப்பை: எஃகுக் காசு சூடுபட்டால் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். எரர் அல்ல. ஆற்றிலும் கடலிலும் போட்டு எடுத்த காசு மெலிந்து, விட்டமும் சுருங்கி, எழுத்து அரித்திருக்கும். அமிலத்தில் போட்டதும் இப்படியே. உண்மையிலேயே மெல்லிய வில்லையில் அடித்ததில் எடை குறையும், படம் இரு பக்கமும் மங்கும், விட்டம் மட்டும் முழுதாக இருக்கும்.

மஞ்சள் 5 ரூபாய் வெள்ளையாக இருந்தால் காந்தம் வையுங்கள். 2007 வாக்கில் வந்த எஃகு 5 ரூபாய்க்கும் பின்னால் வந்த நிக்கல் பித்தளை 5 ரூபாய்க்கும் அளவு ஒன்றே: 23 மி.மீ., 6 கிராம். அதனால் தராசு பேசாது. பித்தளை வடிவத்தில் இருக்கும் காசு காந்தத்தில் வலுவாக ஒட்டினால் மாற்று வில்லையாக (வேறு காசுக்கான வில்லையில் அடித்ததாக) இருக்கலாம். லேசாக இழுத்தால் நிக்கல் முலாம். இழுக்கவே இல்லை என்றால் வேறு பூச்சு. பாதரசம் தடவியதும் இப்படி வெள்ளையாகப் பளபளக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் கையால் தேய்க்காதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், மூடிய டப்பாவில் போட்டு எடுத்து வையுங்கள்.

2011 வரிசை 2 ரூபாயும் பழைய எஃகு 1 ரூபாயும் ஒரே அளவு என்பதை மேலே பார்த்தோம். "வேறு வில்லையில் அடித்தது" என்ற பேச்சில் இந்த ஜோடி வந்தால் எடையும் விட்டமும் சாட்சி ஆகாது.

உலோகத்தில் இன்னும் சந்தேகம் என்றால் ஹால்மார்க் மையங்களில் இருக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி காசைச் சேதப்படுத்தாமல் மேற்பரப்பு உலோகத்தைச் சொல்லும். முலாம் இருந்தால் முலாமைத்தான் சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். உரைகல், அமிலம் வேண்டாம்.

## வல்லுநரிடம் போகும் வரிசை

செலவில்லாதது முதலில்: இரண்டு பக்கம், ஓரம், எடை, விட்டம் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து அருகில் உள்ள நாணயவியல் சங்கக் கூட்டத்தில் காட்டுங்கள். அடுத்து, நாணயக் கண்காட்சிக்கு வரும் வியாபாரிகளில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். விற்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பதில் நேராக வரும். இருவரும் உண்மை என்றால் மட்டும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள். கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் கூட்டிப் பார்த்து, காசு அதைவிடப் பல மடங்கு போகும் என்றால்தான் அனுப்ப வேண்டும். பெரிய புரோக்கேஜ், மாற்று வில்லை, பெரிதாக நகர்ந்த இரட்டை அடி: இவற்றுக்கு அது தகும். அடைபட்ட அச்சு, சின்னக் கிளிப், லேசான சாய்வுக்குத் தகாது.

படத்தைப் பார்த்துவிட்டு யாராவது போனில் அழைத்து லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முன்பணமாகக் கட்டணமோ வரியோ கமிஷனோ கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம், நோட்டு வியாபாரத்துக்குப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.